மூன்றாவது குரூப்பில் நாம் இரண்டு பேர்

உன் கல்லறைக்கு இன்றைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். நாளைக்குக் கல்லறைத் திருநாள். உன் வீட்டுக்காரர் நேற்றே புல்லைச் செதுக்கி மண்ணைக் கூட்டி வைத்திருந்தார். வாளியில் சுண்ணாம்பைக் கரைத்ததும் அந்த ஈர வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. சுண்ணாம்பு அடிக்கிற மட்டையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த அறையை விட்டு நாம் வெளியே வந்து பத்து வருஷம் ஆகப்போகிறது. வாடை மட்டும் எங்கேயும் போகவில்லை.

நாம் காலேஜில் ஒரு வருஷம் படித்த பி.யு.சி.யையே இந்த வருஷம் எடுத்துவிட்டார்கள், தெரியுமா? இனிமேல் பள்ளிக்கூடத்திலேயே ப்ளஸ் டூவாம். இங்கே பாலக்கோட்டில் நான் வரலாறு நடத்துகிற பள்ளியிலும் தொடங்கியிருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் பையன்களுக்கு முன்னாலேயே வகுப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். நமக்கு அப்படியா இருந்தது?

அறுபது பையன்கள், நாம் இரண்டு பேர். பாடம் நடத்துகிறவர் வகுப்புக்குள் நுழைந்த பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் நாம் நுழைய வேண்டும். கதவோரத்து பெஞ்சில் உட்கார வேண்டும். மணி அடித்தால் அவருக்கு முன்னால் வெளியேறி, நேரே 'லேடீஸ் ரூம்' போய்ச் சேர வேண்டும். யாரும் எழுதி ஒட்டிய சட்டம் இல்லை. ஆனால் மீறினவர்களும் இல்லை. அந்த லேடீஸ் ரூம் என்பது உடைந்த நாற்காலியும் பழைய விடைத்தாள் கட்டும் சுண்ணாம்பு மூட்டையும் போட்டுவைக்கிற அறை. கம்பி போட்ட ஒரே ஒரு ஜன்னல். முதல் நாளே நீ சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்மளயும் ஸ்டாக் எடுத்து வச்சிட்டாங்க புள்ள" என்றாய். நான் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

மூன்றாவது குரூப்பை நாமா எடுத்தோம்? அறிவியல் எடுத்தால் லேப் முடிய ஐந்து மணி ஆகும், நம் ஊர்ப்பக்கம் போகிற கடத்தூர் பஸ் போய்விடும். மூன்றாவது குரூப்பான மனிதப் பண்பியல் படிப்புக்கு லேப் கிடையாது என்று என் அப்பா எங்கேயோ விசாரித்து வந்தார். உலக வரலாறு, பொருளாதாரம், தர்க்கம். இவற்றை எதற்குப் படிப்பது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்பது மட்டும் தெரியும். பங்குச் சாமியார் வந்து பேசியபோது அப்பா ஒரே பிடியாகச் சொன்னார்: "ரெண்டு புள்ளைங்களும் சேந்து போனா அனுப்பறனுங்க. ஒத்தையில அனுப்ப மாட்டனுங்க." உன் வீட்டிலும் அதே பேச்சு.

உனக்கு அந்தப் படிப்பே வேண்டாம். நர்ஸ் ட்ரெயினிங் போகத்தான் ஆசை. அதற்குப் பதினேழு வயது நிறைய வேண்டும், உனக்கு ஏழு மாதம் குறைவு. அது வரைக்கும் எனக்குத் துணையாக வருகிறேன் என்று வந்தாய். எனக்கோ, பிடிக்காமல் போன அந்தக் குரூப் ஆடி மாதத்துக்குள் பிடித்துப்போய்விட்டது. சார் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நோட்ஸ் எழுதுவோம். பாதி புரியாது. புரிந்த பாதியில், எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கின பெண்களைப் பற்றிப் படித்துவிட்டு எனக்கு இரண்டு நாள் வேறு நினைப்பே இல்லை. கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. கதவோரத்து பெஞ்சிலிருந்து யார் கேட்பது? ஒரு வருஷம் முழுக்க அந்த வகுப்பில் என் குரல் 'பிரசன்ட் சார்' என்பதைத் தாண்டவில்லை.

ஒரு நாள் உனக்கு வயிற்று வலி. சுண்ணாம்பு மூட்டைமேல் சுருண்டு படுத்துக்கொண்டாய். அடுத்தது தர்க்கம் வகுப்பு. "நீ போ புள்ள, உள்ள என்ன புலியா இருக்குது" என்று விரட்டினாய். சார் பின்னால் வாசல்படி வரைக்கும் போனேன். அறுபது தலையும் திரும்பின. திரும்பி ஓடி வந்துவிட்டேன். அன்றைக்கு நம் அறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் பக்கத்து வகுப்புப் பாடத்தைக் கேட்டேன். டைலமா பற்றி நடத்தினார். இந்தப் பக்கம் போனாலும் குத்தும், அந்தப் பக்கம் போனாலும் குத்தும், இரண்டு கொம்பு என்றார். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்றைக் காட்டிவிட்டால் தப்பிக்கலாம் என்றார். படுத்த இடத்திலிருந்தே நீயும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். எனக்கு அப்போது தெரியவில்லை.

பொங்கல் கழிந்து சேலத்து மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து உனக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. எடுத்துக்கொண்டால் அந்த மாதமே சேர வேண்டும். பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம். கார்டை முதலில் காட்டியது என்னிடம்தான், அந்த அறையில். உன் வீட்டில் சொல்லாமல் என்னிடம் கொண்டுவந்தாய். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"நான் போனா உன்ன நிறுத்திருவாங்க. போகலைன்னா நான் நின்னுருவேன். சார் சொன்ன கொம்பு இதுதான் போல," என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். அப்புறம் என் முகத்தையே பார்த்தாய். "நடுவுல போற வழி உனக்கு எதாச்சும் தெரியுதா புள்ள?"

தெரிந்தது. நான் தனியாகப் போவதுதான் அந்த வழி. தனியாகப் போகிறேன் என்று அப்பாவிடம் நான் கேட்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால் அறுபது பேருக்கு முன்னால் தனியாக நுழைய வேண்டும், அந்த அறையில் தனியாக உட்கார வேண்டும். அவர் மறுத்துவிட்டால் எல்லாம் போச்சு, மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அந்த நொடியில் இத்தனையும் யோசித்தேன். யோசித்துவிட்டு நான் உன்னிடம் கேட்டது என்ன தெரியுமா? "பொருளாதாரம் நோட்ஸ் முடிச்சிட்டியா?" என்று.

நீ கார்டை இரண்டாக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாய். "இன்னும் ரெண்டு பக்கம் இருக்குது" என்றாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. தினமும் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் ஒன்றரை மணி நேரம் வந்தோம். பரீட்சையில் டைலமாவைப் பற்றிக் கேள்வி வந்தது. மூன்றாவது வழியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன், பாவி.

நான் பாஸ். நீ ஆங்கிலத்தில் போய்விட்டாய். அடுத்த வருஷம் ட்ரெயினிங்குக்கு எழுதிப் போடுகிறேன் என்று நீ சொல்லிப் பார்த்தாய். பெயிலான பிள்ளைக்கு என்ன ட்ரெயினிங் என்று உன் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு பி.ஏ. படிக்க வேண்டும். இப்போது துணை கிடையாது. ஒரு சாயங்காலம் அப்பா கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்து முடித்து மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, நான் ஒத்தையிலேயே காலேஜுக்குப் போய் வருகிறேன் என்றேன். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போ. மழைக் காலம், கொடைய எடுத்துக்க" என்றார். அவ்வளவுதான். கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? அதுவும் ஆகாது.

கல்லூரி திறந்த அன்றைக்கு நீ பஸ் நிற்கிற இடத்துக்கு வந்திருந்தாய். அப்பா எப்படி ஒத்துக்கொண்டார் என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை. மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்தேன், அப்புறம்தான் இறங்கி வந்தார் என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "பரவால்ல புள்ள, உனக்கும் தைரியம் வந்துருச்சு" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. ஒரு வேளைச் சோறுகூட நான் விட்டதில்லை.

ஜனவரியிலேயே கேட்டிருந்தால் அப்பா விட்டிருப்பாரா? தெரியவில்லை. எத்தனையோ தரம் எனக்குள்ளேயே கேட்டுப் பார்த்துக்கொண்டேன். அதைத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் செய்தவள் நான்தான். நீ இந்தப் பாலக்கோட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்து, மஞ்சள் காமாலையில் படுத்து, கடைசியாக நான் பார்க்க வந்தபோதுகூடச் சொல்லிவிட நினைத்தேன். நீ என் வேலையைப் பற்றியே பெருமையாக விசாரித்துக்கொண்டிருந்தாய். நானும் பள்ளிக்கூடக் கதையையே சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இன்றைக்குச் சுண்ணாம்பு அடித்து முடிக்கிற நேரத்தில் உன் மகள் மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு வந்தாள். எட்டு வயது. உன் மூக்கு, உன் வாய்த்துடுக்கு. "பெரிம்மா, நீங்க மூணு நாளு சாப்புடாம இருந்துதான் காலேஜ் போனீங்களாமே, அம்மா சொல்லும்" என்றாள். உன் தலைமாட்டில் நின்றுகொண்டு என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. இல்லை கண்ணு, கேட்டேன், எங்கப்பா அனுப்பிவிட்டார் என்றேன்.

அவள் மெழுகுவர்த்தியை என்னிடம் நீட்டினாள். "அப்ப அம்மா ஏன் பொய் சொல்லுச்சு?" என்று கேட்டாள்.

பொய் சொன்னது அம்மா இல்லை, நான்தான் என்று சொல்ல வேண்டியதுதானே? வாய் வரைக்கும் வந்தது. மெழுகுவர்த்தியை வாங்கி வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டாயா என்று அவளிடம் கேட்டேன்.