ரெக்கார்டின் முதல் பக்கம்

தங்கம்,

"அப்பாவோட அந்த ராக் ரெக்கார்டை முழுசா மேடையில வாசிக்கப்போறோம்மா. உனக்கும் அப்பாவுக்கும் பக்கத்துப் பக்கத்துல சீட் போட்டிருக்கேன். ஒவ்வொரு பாட்டும் உனக்கு எப்படின்னு சொல்லு" என்று கேட்டாய். போனில் சொல்ல வரவில்லை.

முதல் பாட்டு கிடாரோடு மெதுவாகத் தொடங்கும். அதற்குள் நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவேன்.

இரண்டாவதில் டிரம்ஸ் இறங்கும்போது அப்பா சத்தத்தைக் கூட்டுவார். மறுநாள் மாடிவீட்டு அக்கா, "உங்க வீட்டுக்காரர் பெரிய ரசிகர்தான் போங்க" என்பாள். கிழிந்த உதட்டோடு நானும் சிரிப்பேன்.

மூன்றாவதில்தான் என் பல் போனது. பாடகன் உச்சத்தில் அலறும் இடத்தில் நானும் அலறலாம், யாருக்கும் கேட்காது. அந்த இடம் மட்டும் எனக்குப் பிடிக்கும்.

நான்காவது பாட்டுக்கு ஒருநாள் நீ உள்ளேயிருந்து ஓடிவந்து ஆடினாய். அப்போது நீ பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை. தரையில் கிடந்த என்னைப் பார்த்து, "எந்திரிம்மா, நீயும் ஆடு" என்றாய். அவர் பெல்ட்டோடு உன் பக்கம் திரும்பினார். இஸ்திரிப்பெட்டி என் கைக்கு எட்டியது. அவர் மணிக்கட்டு உடைந்த சத்தம் டிரம்ஸை மீறிக் கேட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினேன்.

அப்பா படியில் விழுந்து கை கோணிப்போனதாக உன்னிடம் சொன்னது நான்தான்.

ரெக்கார்டை அவர் திருப்பிப் போட்டதே இல்லை. ஒரு பக்கம் முடிவதற்குள் கை ஓய்ந்துவிடும். இரண்டாம் பக்கத்துப் பாட்டுகள் எனக்குத் தெரியாது.

அந்த இருக்கையை வேறு யாருக்காவது கொடு. இடைவேளைக்குப் பிறகு வந்து பின்னால் நின்று கேட்கிறேன். கண்ணாடியைக் கழற்ற மாட்டேன்.

உன்
அம்மா