டீச்சருக்கென்று வாங்கிய லப்டொப்

என் வீட்டு டீச்சருக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று உமது பழைய கடவுச்சொல்லைப் போட்டு உமது மின்னஞ்சலைத் திறக்கப் பார்த்தேன்.

பழி கடைக்கார நஸ்ரிக்குத்தான். மலிவாக ஒரு லப்டொப் கேட்டேன். "சேர், இத எடுங்க. எல்லா வேலையும் இன்டர்நெட்டிலதான். உள்ளுக்க ஒண்டும் வச்சிருக்காது," என்றான். என் வாயும் அப்படித்தானே, பொருத்தம் பார்த்த மாதிரி இருந்தது. "டீச்சர்ட கணக்கால திறந்தா அவங்கட படமெல்லாம் தானா வந்திரும்," என்றான். நீர் கந்தளாயில் இருக்கும் உமது அக்கா வீட்டுக்குப் போய் மூன்று மாதம் என்பது அவனுக்குத் தெரியாது. உமக்குப் பிடித்த நீல நிறத்திலேயே எடுத்தேன்.

கலியாண வீட்டில் உமது குறட்டையை நடித்துக் காட்டியது என் பிழைதான். சனம் சிரிக்கச் சிரிக்க நிறுத்த ஏலாமல் போய்விட்டது. மறுநாளே நீர் பெட்டியை அடுக்கினீர். உப்புவெளி ஊர் முழுக்க, "தமக்கைக்குச் சுகமில்லை, பார்க்கப் போயிருக்கிறா," என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த ஒரு பகிடியை மன்னித்துத் திரும்பி வாரும். அதற்கு முதல் நாள்வரை நாங்கள் நன்றாகத்தானே இருந்தோம்.

மின்னஞ்சல் திறக்கவில்லை. கடவுச்சொல் பதினொரு மாதங்களுக்கு முன்பே மாற்றப்பட்டுவிட்டது என்று காட்டியது.

உமது வாயாடி