டீசல் ஓஸில் கட்டிய சிவப்புப் பட்டு

ஒரு தீப்பெட்டி என் முன்னால் இருக்கிறது. திறந்தால் டீசல் வாடை. உள்ளே ஒரு முழம் சிவப்புப் பட்டு நூல், முடிச்சோடு. நீ போய்ச் சேர்ந்த பிறகு, நேற்று உன் சம்சாரம் கொண்டுவந்து கொடுத்தது.

"பட்டறையைக் காலி பண்ணிகினு இருந்தப்ப கெடச்சுதுண்ணா. உங்க பொருள்னு சொல்லி வெச்சிருந்தாரு."

அது என் கை முடிச்சு.

எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் காது ஆரணியிலேயே எனக்கு மட்டும்தான் என்று சொல்லித் திரிந்தவன் நான். களம்பூரில் ஓடும் லாரிக்கு இங்கிருந்தே வைத்தியம் சொன்னதாகவும் ஒரு தடவை விட்டேன். நீ சிரித்தாய். "காது பெருசுதான் மச்சான். வா, டீ ஆறுது."

என் பிக்கப்புக்கு நீ டீசல் ஃபில்டர் மாற்றிக் கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. படவேடு போகிற வழியில், டீசல் வரும் ரப்பர் ஓஸில் நீ போட்ட கிளிப்பை இன்னும் ஒரு திருகு இறுக்கினால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. இறுக்கினேன், உடைந்தது. வண்டியில் பட்டு நூல் சிப்பம் ஏற்றியிருந்தேன். சிப்பம் கட்டியது போக மீந்த நூலை நாலாக முறுக்கி ஓஸைச் சுற்றிக் கட்டினேன். ஆரணிப் பட்டு, யானையே இழுத்தாலும் அறாது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு, ஓடும்போது வண்டி ராஜா மாதிரி ஓடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இரண்டு குலுக்கு குலுக்கி நின்றுவிடும். வெளியே ஒரு சொட்டு டீசல் ஒழுகவில்லை. அதனால் என் கட்டின் மேல் சந்தேகமே வரவில்லை என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிவந்தேன். பொய். வந்தது.

ஆனாலும் உன் பட்டறை வாசலில் நின்று கத்தினேன். களம்பூர் ரைஸ்மில் டிரைவர்கள் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். "இன்னாய்யா வேல பாக்குற நீ? ஃபில்டர் மாத்துனியா, எஞ்சினை சாவடிச்சியா?"

நீ பானெட்டைத் தூக்கி ஓஸ் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாய். ஓர் இடத்தில் விரல் நின்றது. என்னை ஒரு தடவை பார்த்தாய். நான் ரோட்டைப் பார்த்தேன். நூலை அவிழ்க்காமல் அப்படியே உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, புதுக் கிளிப் மாட்டி ஸ்டார்ட் செய்தாய். எஞ்சின் நிற்காமல் ஓடியது.

"இன்னாண்ணே கோளாறு?" என்றான் ஒரு டிரைவர்.

"ஓஸ்ல டீசலோட காத்தும் சேத்து இழுத்துகினு இருந்துது. அவ்ளோதான்."

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "நான்தான் சொன்னேனே, இவன் கிளிப்பைச் சரியா மாட்டலன்னு."

அதோடு விடாமல் டீக்கடையிலும் அதையே சொன்னேன். நாளாக நாளாக உன் தப்பு வளர்ந்தது, என் காதும் வளர்ந்தது. ரைஸ்மில் வண்டிகள் உன்னிடம் வருவதை நிறுத்தின. நீ அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "வா மச்சான், டீ ஆறுது" என்பதையும் நிறுத்தவில்லை.

இன்று காலை தீப்பெட்டியோடு டீக்கடைக்குப் போனேன். அந்த டிரைவர்களில் ஒருவன் இருந்தான். முடிச்சைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. பழக்கமில்லாததால் நாக்கு தடுமாறியது.

அவன் டீயைக் குடித்து முடித்தான். "செத்தவரு மேல பாசம் இருக்கட்டும் பெரியவரே. அதுக்காக பட்டு நூலு, தீப்பெட்டின்னு ஜோடிக்கிறீங்களே. எப்பவும் போல நல்லாத்தான் கதை சொல்றீங்க."

கடையே சிரித்தது. நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

நாளைக்கும் போவேன். முடிச்சை அவிழ்க்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறேன், அன்று நீ போட்டுக்கொண்டது போலவே.