சத்தமில்லாத முதல் பாதி

ஆவடி,
6.5.1988

அன்பு மகள் ஞானகுமாரிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம், என் தொண்டையைத் தவிர. நீயும் அந்த பம்பாய்ப் புழுக்கத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்க வேண்டும் என்று வணக்க மாதம் பிறந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் கோவிலில் கேட்டுக்கொள்கிறேன், வாயால் இல்லை, மனசால்தான். ஞாயிற்றுக்கிழமை போன குரல் இன்னும் திரும்பி வரவில்லை. வாயைத் திறந்தால் பங்சர் ஆன சைக்கிள் டியூப் மாதிரி வெறும் காற்றுதான் வருகிறது. ஃபாக்டரி ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு வாரம் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார், அதைக் கேட்டு உன் அப்பா அவருக்கு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். இருக்கட்டும், குரல் வரட்டும், வைத்துக்கொள்கிறேன். பேச முடியாததையெல்லாம் சேர்த்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போன மாதம் நீ எழுதியிருந்தாயே, மஸ்கட்டில் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், எழுதிப் போடட்டுமா, பீரோவில் இருக்கிற என் சர்டிபிகேட்டுகளை ஜெராக்ஸ் எடுத்து ஆபீசர் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள் என்று. நாங்கள் பதிலே போடவில்லை. பீரோ சாவியைக் காணோம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். பம்பாய் என்றால் ரயில் ஏறினால் மறுநாள் உன் முகத்தைப் பார்த்துவிடலாம், மஸ்கட் என்றால் கடல் தாண்ட வேண்டுமே, அதுதான் அவர் மனசில் இருந்தது. அதைச் சொல்லாமல் சாவியைக் காணோம் என்றார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன், ரொம்ப மும்முரமாகத் தேடினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். இந்தச் சாவி விஷயம் என்ன ஆயிற்று என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் ராயப்பன் கதையைக் கேள், அது இல்லாமல் இது விளங்காது.

நம் ஃபாக்டரி ஃபுட்பால் டீமுக்கு ஆபீசர் பரந்தாமன் சார் கோச் என்பது பேருக்குத்தான் என்று உனக்குத் தெரியும். தங்கமான மனுஷர், ஆனால் பந்து உருள ஆரம்பித்தால் அவருக்குக் குடை நிழலில் கண் சொக்கிவிடும். ஓடுவது, கத்துவது, பையன்களைக் கட்டி மேய்ப்பது எல்லாம் அசிஸ்டன்ட் கோச் ராயப்பன்தான். நீ நர்சிங் படிக்கும்போது லீவுக்கு வந்தால் லைன் ஓரத்தில் உட்கார்ந்து பையன்கள் கணுக்காலுக்கு பேண்டேஜ் சுற்றுவாயே, டாக்டரம்மா டாக்டரம்மா என்று உன்னைக் கூப்பிட்டுக்கொண்டு பஞ்சும் டிஞ்சரும் எடுத்துக் கொடுப்பாரே. நைட் ஷிஃப்ட் முடிந்து படுத்துவிட்ட பையனை நெமிலிச்சேரி வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போய் எழுப்பிக்கொண்டு வருகிற மனுஷர். முத்தாபுதுப்பேட்டையில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்த அப்பாவுவைப் பிடித்து வந்து லெஃப்ட் அவுட் ஆக்கினது அவர்தான். ஆனால் கப் ஜெயித்து போட்டோ எடுத்தால் நடு நாற்காலியில் பரந்தாமன் சார் இருப்பார், ராயப்பன் ஓரத்தில் நிற்பார். கிளப் ரூமில் மாட்டியிருக்கிற படங்களில் பாதிக்கு மேல் அவருடைய தோள் மட்டும்தான் விழுந்திருக்கிறது.

அந்த மனுஷர் திருச்சியில் ஒரு ஃபாக்டரி டீமுக்கு முழுக் கோச்சாகப் போக எழுதிப் போட்டிருக்கிறார் என்று ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் அவர் பெண்சாதி புஷ்பா வாய் தவறி நம் பக்கத்து வீட்டு ஜமீலாவிடம் சொல்லிவிட்டாள். ஜமீலா என்னிடம் சொன்னாள், நான் அப்பாவிடம் சொன்னேன், அப்பா கேன்டீன் கலியமூர்த்தியிடம் சொன்னார், அவ்வளவுதான், குவார்ட்டர்ஸ் முழுக்க எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. கோபம் வேறு. நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி எழுதிப் போடலாம் என்று அப்பா இரண்டு நாள் ராயப்பனுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. அவருக்கு அந்த வேலை கிடைக்கக் கூடாது என்று நான் அந்தோணியார் கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றினேன், ஜமீலா தர்காவில் சர்க்கரை வைத்து பாத்தியா ஓதினாள், கலியமூர்த்தி பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் வேண்டிக்கொண்டார். ஒரே ஒரு ஆளைப் போகவிடாமல் தடுக்க எத்தனை பேரைத் துணைக்குக் கூப்பிட்டோம் பார். நான் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பினால் பின்னால் புஷ்பா நிற்கிறாள், அவள் கையிலும் மெழுகுவர்த்தி. அவள் என்ன வேண்டிக்கொள்ள வந்தாள் என்று எனக்குத் தெரியும், நான் என்ன வேண்டினேன் என்று அவளுக்குத் தெரியும். அக்கா தீப்பெட்டி இருக்கா என்று கேட்டாள், கொடுத்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால் மே தினக் கோப்பை ஃபைனலில் நம் மைதானத்திலேயே நமக்கு எதிராக அதே திருச்சி டீம். அவர்களுடைய ஸ்போர்ட்ஸ் ஆபீசர், மேட்சைப் பார்த்துவிட்டு ராயப்பனைப் பற்றி முடிவு சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாராம். பரந்தாமன் சார் மகள் கல்யாணம் என்று காஞ்சிபுரம் போய்விட்டார், அன்றைக்கு டீம் முழுக்க ராயப்பன் பொறுப்பு. திருச்சிக்காரர்களை அடித்தால்தான் திருச்சிக்காரர்கள் வேலை கொடுப்பார்கள். நாம் ஜெயித்தால் ராயப்பன் போய்விடுவார், தோற்றால் நம்மோடு இருப்பார். இப்படி ஒரு சங்கடத்தை நீ எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

அதற்குத்தான் கலியமூர்த்தி ஒரு யோசனை சொன்னார். இந்தாளு பூட்டா டீமு இன்னாத்துக்கு ஆவும், ஞாயித்துக்கெழம அல்லாரும் வாய மூடிகினு குந்துங்கோ, நம்ம சவுண்டு இல்லாட்டி பசங்களுக்குக் காலு நவுராது, நாம ஒண்ணும் துரோகம் பண்ணல, கம்முனு இருக்கறது ஒரு தப்பா என்றார். பையன்களைத் தோற்கச் சொல்லவில்லையே, சும்மாதானே இருக்கப்போகிறோம் என்று எல்லோருக்கும் மனசு சமாதானமாகிவிட்டது. எல்லா மேட்சுக்கும் தட்டுகிற டிரம்மைக்கூட அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்.

ஞானம், அந்த முதல் பாதியை நீ பார்த்திருக்க வேண்டும். மதில் ஓரம் முழுக்க ஜனம், பூசை நேரத்துக் கோவில் மாதிரி அமைதி. எல்லோரும் முனியம்மாவிடம் சுண்டல் வாங்கி வாங்கி வாயை அடைத்துக்கொண்டோம். பையன்கள் ஓடுவதும் எங்களைத் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தார்கள். பந்து வெளியே வந்தபோது எடுக்க வந்த அப்பாவு, இன்னா அத்தே, யாராவது பூட்டாங்களா என்று கேட்டுவிட்டுப் போனான். நடுவில் திருச்சிக்காரன் ஒரு கோல் போட்டுவிட்டான். நினைத்தது நடக்கிறதே சந்தோஷப்படேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், சந்தோஷம் வந்தால்தானே. அப்பா சுண்டல் பொட்டலத்தை மடித்து மடித்து விரல் நகம் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஹாஃப் டைமில் ராயப்பன் நேராக எங்களிடம் வந்தார். இன்றைக்கு இருக்கிறது என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அவர் கையில் பையன்களுக்குக் கரைத்து வைத்திருந்த எலுமிச்சைத் தண்ணீர்க் கேன். இன்னாபா அல்லாரும் டல்லா கீறீங்க, வெயிலு மண்டையில ஏறிடிச்சா, இந்தா குடிங்க, பசங்களுக்கு வேற கரைச்சுக்கலாம் என்று கேனை என் காலடியில் வைத்துவிட்டு ஓடிவிட்டார். கலியமூர்த்தி ஒரு டம்ளர் குடித்தார், அப்புறம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு சரியா போட்டுகீறான் மனுசன் என்றார்.

இரண்டாவது பாதியில் அப்பாவு இடது ஓரமாகப் பந்தைப் பிடித்தான். ஒருத்தனை வெட்டினான், இன்னொருத்தனை வெட்டினான், எதிரே கோலி மட்டும்தான் நிற்கிறான். சத்தியமாகச் சொல்கிறேன், நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. டேய் அப்பாவு உள்ள தள்ளுடா என்று ஒரு கத்துக் கத்தினேன் பார், அடுத்த ஸ்டேஷனுக்கே கேட்டிருக்கும் என்று ஜமீலா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தள்ளிவிட்டான்! கோல்! மதில் ஓரம் மொத்தமும் என்னைத் திரும்பி முறைத்தது. ஞானசௌந்தரி உக்காரு உக்காரு என்று அப்பா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார், இழுத்துக்கொண்டே அவரும் எழுந்துவிட்டார், எழுந்தவர் வாயில் இரண்டு விரலை வைத்து விசில் அடித்தார், எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. கலியமூர்த்திக்கு டிரம் இல்லாமல் கை பரபரக்கிறது, முனியம்மாவின் அலுமினியக் குண்டானைப் பிடுங்கி மிச்சச் சுண்டலை என் மடியில் கொட்டிவிட்டுத் தட்ட ஆரம்பித்தார் பார். அடப்பாவி என் குண்டானு என்று முனியம்மா கத்துகிறாள், அவளும் கை தட்டிக்கொண்டேதான் கத்துகிறாள். அப்புறம் எங்கே கம்மென்று இருப்பது? கடைசி நிமிஷத்தில் ராயப்பன் பழக்கி வைத்திருந்த அந்த கார்னர் கிக், மூன்று பேர் பந்துக்கு ஓடுவது போல ஓடி விட்டுவிட நாலாவது ஆள் தலையால் முட்டினான், உள்ளே போய்விட்டது. ஜெயித்துவிட்டோம் ஞானம். எங்கள் வாயாலேயே அவரை அனுப்பி வைத்துவிட்டோம்.

திருச்சி ஆபீசர் மைதானத்திலேயே ராயப்பன் கையைப் பிடித்துக் குலுக்கி, அடுத்த மாதம் வந்து சேருங்கள் என்று சொல்லிவிட்டார். புஷ்பா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பும் வந்தது. போட்டோ எடுக்கும்போது நடு நாற்காலி காலி, ஆனால் ராயப்பன் பழக்க தோஷத்தில் ஓரத்தில் போய் நின்றுகொண்டார். கலியமூர்த்தியும் உன் அப்பாவுமாக அவரை அலாக்காகத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உட்காரத் தெரியாமல் அவர் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை அவரையும் புஷ்பாவையும் சாப்பிடக் கூப்பிட்டு வஞ்சிர மீன் குழம்பு வைத்தேன். சாப்பிடும்போது ராயப்பன், டாக்டரம்மா எப்பிடிக் கீறாங்கோ, இன்னும் பெரிய சிஸ்டர் ஆவலியா என்று கேட்டார். எனக்கு வாய் இல்லையே, கரண்டியால் பீரோவைக் காட்டினேன். அப்பா வேறு வழியில்லாமல் மஸ்கட் விஷயத்தைச் சொல்லி, சாவி காணோம் என்றார். ராயப்பன் முள்ளைப் பொறுமையாக எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, இன்னா அண்ணாத்தே, ஃபஸ்ட் ஆஃப் மாறி கம்முனு குந்திகினு கீறியா என்றார். அப்பாவுக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. கலியமூர்த்தி டிரம் இல்லாமல் வந்தபோதே தனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று சொல்லி ராயப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னார். நீங்கோ கத்தாட்டியும் நான் ஒருவேள போயிருப்பேன் அண்ணாத்தே, ஆனா போற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பாத்துகினே போயிருப்பேன், இப்ப நேராப் பாத்துகினு போவேன் என்றார்.

மறுநாள் காலையில் சாவி கிடைத்துவிட்டது. அப்பாவின் ஷேவிங் டப்பாவில் இருந்ததாம், யாரோ போட்டுவிட்டார்களாம். நான் பேச முடியாததால் தப்பித்தார். குளித்து, ஞாயிறு கோவிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனார், அங்கிருந்து கல்யாண வீட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த பரந்தாமன் சாரிடம் போய்ப் பச்சை மையில் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறார். ஒரு செட் போதாதா என்று சார் கேட்டதற்கு, மஸ்கட்காரன் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்று மூன்று செட்டாக எடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் இந்தக் கடிதத்தோடு ரிஜிஸ்டர் தபாலில் வைத்திருக்கிறோம். எழுதிப் போடு கண்ணு. எங்களுக்குக் கஷ்டமாக இருக்காது என்று சொல்ல மாட்டேன், இருக்கும்தான். அதற்காக உன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போக வைக்க மாட்டோம்.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. கத்திரி வெயில் தொடங்கிவிட்டது, குழாயில் தண்ணீர் விடிகாலையில் மட்டும்தான். ஜமீலாவின் தம்பி பதினைந்தாம் தேதி பம்பாய் வருகிறான், வடாமும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன், ஹாஸ்டல் பெண்களுக்கும் கொடு, பாட்டிலை மட்டும் திருப்பி வாங்கிக்கொள். தலைக்கு எண்ணெய் வை. டியூட்டி என்று சொல்லி ஞாயிறு பூசையை விடாதே. அடுத்த வருஷம் ராயப்பன் திருச்சி டீமோடு இங்கே வந்தால் என்ன செய்வது என்று இப்போதே கேன்டீனில் பஞ்சாயத்து ஓடுகிறது. அவர் மைதானத்துக்குள் நடந்து வரும்வரை கை தட்டுவது, விசில் ஊதிவிட்டால் அவர் யாரோ நாம் யாரோ என்று தீர்ப்பாகியிருக்கிறது. நடக்கிற காரியமா என்று பார்ப்போம்.

கன்னி மாதா உன் கூடவே நடந்து வருவாள், நீ எடுத்த காரியம் ஜெயமாகும். ஒன்று மட்டும் மறக்காதே, இன்டர்வியூ எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று முன்னாலேயே எழுதிவிடு. அதற்குள் எனக்குத் தொண்டை சரியாகிவிடும். அந்த நேரத்துக்கு வீட்டு வாசலில் அப்பா விசிலோடும் கலியமூர்த்தி டிரம்மோடும் தயாராக இருப்பார்கள். இந்தத் தடவை முதல் பாதியிலிருந்தே கத்துவோம்.

இப்படிக்கு,
குரல் போனாலும் உனக்காகக் கத்தக் காத்திருக்கும் அம்மா,
ஜோ. ஞானசௌந்தரி