நிறைந்ததும் கிளம்பும்

ஆகஸ்ட், இரண்டாம் ஞாயிறு. காலை ஒன்பது நாற்பது. செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோவில் இரண்டு பேர்: நானும், மடியில் கீரைக்கட்டோடு ஓர் அம்மாளும். சீத்தா கேம்ப் போகிற வண்டி. டிரைவர் வெளியே நின்று "ஏக் சீட், ஏக் சீட்" என்று கத்துகிறார். மூன்றாவது ஆள் வராமல் எடுக்கமாட்டார். எனக்குப் பொறுமை கிடையாது. நீ இருந்தால், "எறங்கி நடலே, எங்க வீடு எங்கயும் ஓடிராது" என்றிருப்பாய்.

உன் உம்மாவைப் பார்க்கத்தான் போகிறேன். ஆனால் மண்டைக்குள் ஓடுவது நாளை கொடுக்கவேண்டிய அறிக்கை. நாம் சேர்ந்து எடுத்த மலைக்கிராமப் போக்குவரத்து சர்வே.

ஜவ்ஹார் பக்கத்துச் சந்தையில் அன்று பேய்மழை. மேல் பாடா என்ற குடியிருப்புக்குப் போக என்ன வண்டி என்று கேட்டேன். ஒருவர் ஓட்டை ஜீப்பைக் காட்டி "வடாப்" என்றார். அங்கே ஷேர் ஜீப்புக்கு அதுதான் பெயர். நான் பசியில் இருந்தேன்.

"வடையா? எங்க?"

"தாராவிக்காரன் புத்தி! ஜீப்ப முழுங்கிராதலே, திரும்பிப் போவணும்" என்று நீ சிரித்த சிரிப்பில் கணக்கெடுப்பே நின்றுபோனது.

எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று டிரைவரைக் கேட்டேன். "பர்லி கீ" என்றார். நிறைந்ததும். மணி கேட்டேன். மறுபடியும் அதே பதில். எனக்கு எரிச்சல். ஆறு பேர்தான் ஏறியிருந்தார்கள். பாதி ஜீப் காலி. அப்போது ஒரு பெண், காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஏறினாள். டிரைவர் உடனே சாவியைத் திருகினார்.

"இன்னும் நெறையலயே?" என்று நீ இந்தியில் கேட்டாய்.

"பர்லி" என்றார். நிறைந்துவிட்டது. ஜீப் போய்விட்டது.

சர்வேத் தாளில், புறப்படும் நேரம் என்ற கட்டத்தில், நீ 'நிறைந்ததும்' என்று எழுதினாய். ஆபீஸில் பதிந்தபோது மென்பொருள் அதை ஏற்கவில்லை. அந்தக் கட்டத்துக்கு எண் வேண்டும். உத்தேசமாக எட்டு மணி என்று போடலாம் என்றேன். "அப்பொ எட்டரைக்கு வர்ற புள்ளத்தாச்சிக்கு என்ன சொல்லுவ?" என்றாய். கட்டம் சிவப்பாகவே நின்றது.

அடுத்த மழையில் உனக்குக் காய்ச்சல். உங்கள் சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழையவில்லை. முக்கில் நின்ற ஷேர் ஆட்டோவில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உன்னைத் தூக்கி வருவதைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே இறங்கினார்கள். வண்டி தாமதிக்கவில்லை. ஆஸ்பத்திரி வருமுன் காய்ச்சல்தான் முந்திக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். மாட்டுங்காக்காரர், பேச்சு பஞ்சு மாதிரி. "டைமே இல்லாதத சர்வீஸ்னு எப்படிப்பா போடறது? அந்த ஜீப்பத் தூக்கிடு. ரிப்போர்ட் க்ளீனா இருக்கும்."

க்ளீனாகத்தான் இருக்கும். ஜீப் போனால் அதில் ஏறுகிற ஆட்களும் கணக்கிலிருந்து போய்விடுவார்கள். மேல் பாடாவில் பயணிகளே இல்லை என்று வரைபடம் சொல்லும். புதிதாக விடப்போகிற மினி பஸ் கீழ்ச்சாலையோடு திரும்பிவிடும். "யோசிக்கிறேன் சார்" என்று வந்துவிட்டேன். நான் யோசிக்கிற ஆளா? இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

மூன்றாவது ஆள் இன்னும் வரவில்லை. கீரைக்காரம்மா என் காலைப் பார்க்கிறாள். ஆட்டிக்கொண்டே இருக்கிறேன் போல. இனி செய்யப்போவது:

1. மூன்றாவது ஆள் வரும்வரை டிரைவரிடம் வாயைத் திறக்கமாட்டேன். இதுதான் ரொம்பக் கஷ்டம்.

2. உம்மாவிடம் ஆபீஸ் கதை பேசமாட்டேன். போடுவதைச் சாப்பிடுவேன்.

3. நாளை அந்தக் கட்டத்தை எழுத்தை ஏற்கும்படி மாற்றுவேன். நீ எழுதியதையே போடுவேன்: நிறைந்ததும்.

4. மேனேஜர் அதை எடுத்தால், அறிக்கையின் முதல் பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும் நம் இரண்டு பெயரையும் சேர்த்தே எடுக்கச் சொல்வேன்.