உங்கள் காதுக்காக நாம் செய்த அம்ப்ளிபயர்

இன்று ஹட்டனில் போன் திருத்தும் கடையில் காத்திருந்தேன். கடைக்காரர் ஈயத்தை உருக்கியதும் புகை என் பக்கம் வந்தது. நாம் அம்ப்ளிபயர் பற்றவைத்த அன்று வந்த அதே வாசம். எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டேன். "புகை ஒத்துக்காதாக்கா?" என்று கேட்டார். "ஒத்துக்கும் தம்பி, நீங்க வேலைய பாருங்க" என்றேன். பஸ் ஏறி வட்டவளை வந்து சேரும்வரை மனதுக்குள் உங்களோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

தேயிலைத்தூள் செய்யும் ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் மெஷினுக்குப் பக்கத்திலேயே உங்கள் காலமெல்லாம் போனது. அந்த இரைச்சலில் காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. முதலில் நான் கூப்பிடுவது கேட்காமல் போனது. பிறகு நீங்கள் டிவியின் சத்தத்தைக் கூட்டக் கூட்ட, வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்து வீடுகளில் பக்கத்து வீட்டு அக்கா சுவரைத் தட்டத் தொடங்கினார். ஒருநாள் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, "எனக்குப் படம் பாத்தா போதும் புள்ள" என்றீர்கள். கொஞ்ச நாளில் அதன் முன்னால் உட்காருவதையே விட்டுவிட்டீர்கள். என்னோடு பேச்சும் குறைந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் காதுக் கருவிக்குப் பெயர் பதிந்துவிட்டு வந்தோம். அது கிடைக்கும்வரைக்கும் என்று ஹெட்போன் வாங்கினோம். டிவியில் நேராக மாட்டினால் உங்களுக்குச் சத்தம் போதவில்லை. இரண்டுக்கும் நடுவில் வைக்கச் சின்னதாக ஓர் அம்ப்ளிபயர் செய்துவிடலாம் என்றேன். உங்களைக் கல்யாணம் கட்டுவதற்கு முன்னால் கொழும்புப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் போர்டுகளில் பாகம் செருகியவள் அல்லவா நான்.

"ஒனக்கு அதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டீர்கள்.

"எது எந்த ஓட்டைக்குப் போகும்னு கைக்குத் தெரியும். எதை எதோட இணைக்கிறதுங்கிற படம் போன்ல இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டிலில் வெள்ளைத் துணியை விரித்துப் பாகங்களைப் பரப்பினோம். நீங்கள் ஒவ்வொன்றாக எடுத்து, "இது எதுக்கு?" என்று கேட்டீர்கள். கலர் கோடு போட்டது ரெசிஸ்டர், கரண்டை மட்டுப்படுத்தி விடும், கோட்டை மட்டும் நம்பாமல் மீட்டரில் அளந்து பார்க்க வேண்டும் என்றேன். குட்டி டின் மாதிரி இருந்த கெப்பாசிட்டரைக் கையில் எடுத்தீர்கள்.

"வெள்ளப் பட்டை இருக்கிற பக்கம் மைனஸ். மாத்தி வச்சிராதீங்க."

"மாத்துனா என்னா ஆகும்?"

எனக்குத் தெரியவில்லை. "சூப்பர்வைசர் ஏசுவாரு" என்றேன். தொழிற்சாலையில் நான் கற்றது அவ்வளவுதான். அங்கே எதுக்கு என்று யாரும் கேட்க முடியாது. நீங்கள் சிரித்ததில் கட்டில் ஆடி, ரெசிஸ்டர்கள் எல்லாம் கலந்துபோயின. திரும்ப உட்கார்ந்து அளந்து பிரித்தோம்.

என்ன ஆகும் என்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. ஈயம் உருக்கிப் பாகங்களைப் பற்றவைத்து முடித்து, பழைய ரவுட்டரின் அடாப்டரை மாட்டியதும் 'படார்' என்று ஒரு கெப்பாசிட்டர் வெடித்தது. பேச்சுவாக்கில் நானே அதை மாற்றி வைத்திருந்தேன். நான் துள்ளிப் பின்னால் விலகினேன். உங்கள் முகமோ மலர்ந்துவிட்டது. "எனக்கே கேட்டுச்சு புள்ள!" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் கேட்ட ஒவ்வொரு 'எதுக்கு'வுக்கும் நான் விடை தேடினேன். சத்தத்தைப் பெருக்கும் ஐசி சிப்பை நேராகப் பற்றவைக்காமல் அதற்கென்று இருக்கும் சாக்கெட்டில் செருகினால் சூட்டில் கெடாது, கெட்டாலும் கழற்றி மாற்றலாம். கடைசியில் வரும் கெப்பாசிட்டர் சத்தத்தை மட்டும் போக விட்டு, வேண்டாத கரண்ட் ஹெட்போனுக்குப் போகாமல் தடுக்கிறது. ஹெட்போனை மாட்டுவதற்கு முன்னால் அந்தக் கரண்ட் வருகிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். முதல் சோதனைக்கு நல்ல ஹெட்போன் கூடாது, பழையது போதும். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செருகிய பாகங்களை உங்களால்தான் அறிமுகம் செய்துகொண்டேன்.

வெடித்த கெப்பாசிட்டரை மாற்றி இரண்டாம் தடவை மாட்டியபோது சத்தம் வந்தது. அடியில் 'ங்ங்' என்று ஓர் இரைச்சலும் வந்தது.

"எனக்கு ஒண்ணும் இரையலியே. விட்டுரு" என்றீர்கள்.

"ஒங்களுக்குக் கேக்கலேன்னா இல்லேன்னு ஆயிருமா?" என்று அடாப்டரைக் கழற்றி பேட்டரியைப் போட்டேன். இரைச்சல் நின்றது.

நீங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு செய்தி கேட்டீர்கள். நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு காதை மட்டும் விலக்கி, "செய்தி வாசிக்கிற பொம்பளைக்குச் சளி புடிச்சிருக்கு போல" என்றீர்கள். நான் தேத்தண்ணி போடுகிற சாக்கில் உள்ளே போய் அழுதேன். அன்றிலிருந்து தினமும் கேட்டதையெல்லாம் எனக்குச் சொல்லத் தொடங்கினீர்கள். வீட்டில் திரும்பப் பேச்சு வந்தது. நெஞ்சுவலி வந்து உங்களைக் கொண்டுபோன அந்த மழைக்காலம் வரைக்கும் அது நிற்கவில்லை.

நீங்கள் போன பிறகு பல மாதம் அதை நான் தொடவில்லை. ஒருநாள் நீங்கள் கேட்டதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று ஹெட்போனை மாட்டினேன். சத்தத் திருகு நீங்கள் வைத்த இடத்திலேயே இருந்தது. டிவியைப் போட்டதும் காது வலித்து, ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். உங்களுக்கு அது சாதாரணப் பேச்சு. அப்படியானால் அடுப்படியிலிருந்து நான் பேசிய பேச்செல்லாம் உங்களுக்கு எவ்வளவு தொலைவில் இருந்திருக்கும்? "ம்" என்று சிரித்துச் சமாளித்திருக்கிறீர்கள்.

இப்போது யாராவது எனக்கு வெறும் "ம்" சொன்னால், நான் குரலை உயர்த்திச் சொல்வதில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு, ஈரக் கையோடு அவர்கள் முகத்துக்கு நேரே போய் உட்கார்ந்து சொல்கிறேன்.