யோகாவுக்கு வேலை கேட்டுப் போனது

மாசி, திங்கள்

மலை சரிஞ்சு, தோட்டத்து ஆளுக குடியிருக்குற லயங்களை மண்ணு மூடின வருஷத்துக்கு அடுத்த மாசி. ஹட்டன்ல விடிய விடிய பனி, இப்ப சுள்ளுனு வெயில். எனக்கு எழுத்து வராது. ஃபோன்ல பேசினா எழுத்தா விழும்னு யோகா சொல்லிக் குடுத்திருக்கா. பேசி வைக்கிறேன். யாருக்கும் இல்ல, எனக்குத்தான்.

பஜார்ல மாடி ஹோல், நான் வாட்சர். கூட்டியாச்சு, பிளேன்டீ ஊத்தியாச்சு. புள்ளைக ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு லெப்டொப். ஃப்ரீலான்சாம். கெடைச்ச வேலைக்குக் கூலி. தோட்டத்துல கைக்காசுன்னு சொல்லுவோமே, அதேதான், நாற்காலி மட்டும் கூட. வேலை எல்லாம் வெளிநாட்டுல இருந்து. இந்த மாசம் அதுவும் வறட்சி. யோகா சும்மா ஒக்காந்திருக்கா. தேயிலைத் தூள் அடைக்குற பக்கெட்டுக்கு லேபல் படம் போடுற புள்ள.

"கீழ இத்தன கம்பெனி இருக்கே, கேக்கலாம்ல?"

"எங்கள யாரு தாத்தா உள்ள விடுவாங்க?"

எனக்குத் தெரியாத கம்பெனியா. நோர்வூட் ரோட்டுல தேயிலை பக்கெட் போடுற மொதலாளி, அவரு அப்பாகிட்ட மூட்டை தூக்குனவன் நான். போறேன்னேன்.

"என் வேலைய மட்டும் காட்டுங்க. தோட்டம், லயம் ஒண்ணும் சொல்லாதீங்க"ன்னா. சரின்னேன்.

செவ்வாய்

மொதலாளி படத்தப் பாத்தாரு. புடிச்சிருக்கு, மொகத்துலயே தெரிஞ்சது. அப்புறம் கேக்குறாரு, "எந்தத் தோட்டம்? யாரு வீட்டுப் புள்ள?"

இந்த ஊருல இத சொல்லாம ஒருத்தனும் வேலைக்கு நின்னதில்ல. ஆளக் கூட்டிட்டுப் போறவன் தோட்டம், லயம், குடியிருக்குற காம்பரா எல்லாம் சொல்லி, நான் பொறுப்புன்னு நிக்கணும். வாய் தானா சொல்லிருச்சு. மேப்பிரிவு, ஆத்தோர லயம், கடைசிக் காம்பரா, சன்னாசி பேத்தி.

"அப்ப சரி. செய்யச் சொல்லு."

மூலையில கம்ப்யூட்டர் முன்னால பிரபா. மொதலாளியோட அக்கா மகன். லேபல் வேலை இதுவரைக்கும் அவன்தான். தலையத் திருப்பல. விரல் மட்டும் நின்னுச்சு.

யோகா ஹோல் பூரா டொபி மிட்டாய் குடுத்தா.

வியாழன்

மழை. முழங்கால் வலி. பஸ் இல்ல, யோகா வரல. வீட்டுலயே மொத லேபல முடிக்கிறேன்னு ஃபோன்.

மத்தியானம் கொழுந்து நிறுக்குற நேரம், லயம் காலி. பிரபாவும் இன்னும் ரெண்டு பேரும் த்ரீவீல்ல. நேரா கடைசிக் காம்பரா. யாரையும் வழி கேக்கல. லெப்டொப்ப அம்மிக் குழவியால ஒடைச்சிருக்கான். தடுத்த யோகா கைய நிலையில வச்சுக் கதவ சாத்திருக்கான். திரும்பவும் தொறந்து சாத்திருக்கான்.

"இப்ப போடுடி படம்."

ஆஸ்பத்திரி. வலது கை. விரல் நசுங்கி, நகம் இல்ல. கண்டிக்கு அனுப்பணும்ங்குறாரு டொக்டர்.

யோகா என்னப் பாத்து ஒண்ணுதான் கேட்டா. "லயத்த சொன்னீங்களா?"

"சொன்னேன் புள்ள."

செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா.

வெள்ளி

பனி. பொலிசுல முறைப்பாடு குடுத்தாச்சு, பிரபாவ இன்னும் புடிக்கல.

சாயங்காலம் லயத்து வாசல்ல லொறி. தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி, ஆளாளுக்கு. மொத ஆளா ஏறி நிக்கிறது யோகாவோட தாத்தா சன்னாசி. என் வயசு. பின்னால இருந்து தூக்கி விட வேண்டியிருந்துச்சு.

"பெருமாளு, நீ வரலையா?"ன்னான் லொறியில ஒருத்தன் என்னப் பாத்து. "அவனுக்கு வழி சொன்னவன் நீதான?" நாலு பேரு சிரிக்கிறானுக.

யோகா ஆஸ்பத்திரியில சொல்லாம வந்திருக்கா. கட்டுக் கையோட லொறிக்கு முன்னால நின்னா.

"வெட்டிட்டு ஜெயிலுக்குப் போயிருவீங்க. அப்புறம் எந்தக் கம்பெனி லயத்துப் புள்ளைக்கு வேலை குடுக்கும்? மொதலாளி பேசினாரு. எடது கையால முடிச்சுத் தாரேன்னேன், சரின்னுட்டாரு. எறங்குங்க."

ஒவ்வொருத்தரா எறங்குனாங்க. சன்னாசியும். கத்தியக் கூரைத் தகரத்துல சொருகுனான். நானே பாத்தேன்.

ஞாயிறு

வெயில். சன்னாசி விடியக்காலம் தேயிலைக்குள்ள குறுக்கு வழியா டவுனுக்கு எறங்கிருக்கான். பொலிசு இன்னும் புடிக்காத பிரபா, மொதலாளி கடையத் தொறக்கப் பலகைய எடுத்துக்கிட்டு இருந்திருக்கான். தோள்ல ஒண்ணு, கழுத்துல ஒண்ணு. தூள் மூட்டை மேல விழுந்து செத்தான். ரத்தத்துல ஊறுன தூள கட்டி கட்டியா அள்ளுனேங்குறான் கடை கூட்டுறவன்.

சன்னாசி ஓடல. படியில ஒக்காந்து பீடி பத்த வச்சிருக்கான். ஏன் பெரியவரேன்னு பொலிஸ்காரன் கேட்டதுக்கு, "கத்திய எதுக்குத் தீட்டி வைக்கிறோம்?"னானாம்.

மொதலாளி ஃபோன். யோகாவுக்கு இல்ல, எனக்கு.

"இனி லயத்து ஆளக் கூட்டிட்டு என் படி மிதிக்காத."

பஜார்ல மத்தவங்களும் அதேதான். ஹோல்ல பாதி மேசை காலி. யோகா அழல. கட்டுக் கையவே பாத்துக்கிட்டு இருக்கா.

பாண் ரொட்டிக்கு வரிசை நின்ன பஞ்சத்து வருஷமும் இதே லயத்துல இருந்து கத்தியோட போனாங்க. தோட்டத்துக் கணக்கப்பிள்ள ஒரு பொம்பளைய முடியப் புடிச்சு இழுத்தான்னு. கருப்பையா, பாலத்துல பொலிஸ் சூடு பட்டு விழுந்தான். ரெங்கன், ஜெயில்ல இருமி இருமிச் செத்தான். அடைக்கலம், வெளிய வந்து இந்தியாவுக்குக் கப்பலேறி, கோத்தகிரி பக்கம் மரம் விழுந்து போயிட்டான்னு தகவல். அந்தக் கூட்டத்துல இன்னும் உசுரோட இருக்கிறது சன்னாசி ஒருத்தன்.